கடிக்கும் நாய்க்குட்டியைப் பழக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் நாய்க்குட்டி வாங்கி வந்தவர்கள் முதல் வாரம் முடிவதற்குள் கேட்கும் கேள்வி, "எல்லாம் சரி, இது ஏன் இப்படிக் கடிக்கிறது?" என்பதுதான். முத்தியால்பேட்டையில் பல ஆண்டுகளாக நாய் வளர்த்து வருபவன் என்ற முறையில், அக்கம்பக்கத்து வீட்டார் என்னிடம் கேட்டவற்றையும் நான் அவர்களுக்குச் சொன்னவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு மாதம் முதல் ஏழு மாதம் வரையிலான குட்டிகளை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டன. வளர்ந்த நாய் கடிப்பது வேறு விஷயம். அதற்கு இந்தப் பதில்கள் போதா.

குட்டி ஏன் கடிக்கிறது? அதற்கு நம்மீது கோபமா?

கோபம் இல்லை. நமக்குக் கை எப்படியோ அதற்கு வாய் அப்படி. ஒரு பொருள் மெத்தென்று இருக்கிறதா, ஓடுமா, கத்துமா, தின்னலாமா என்பதையெல்லாம் அது வாயில் வைத்துப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. பிறந்த மூன்றாம் வாரத்தையொட்டி முளைக்கத் தொடங்கும் பால் பற்கள் மொத்தம் 28. ஒவ்வொன்றும் ஊசிமுனை போல இருப்பதால், தாடையில் வலு இல்லாத வயதிலும் அவை தோலைக் கிழித்துவிடுகின்றன. ஏறத்தாழ நான்காம் மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறு அல்லது ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடும். அந்த இடைக்காலத்தில் ஈறு உறுத்துவதால் கடி ஒரு சுற்றுக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

குட்டிகள் ஒன்றாக விளையாடும்போது, ஒன்று மற்றொன்றைச் சற்று அழுத்திக் கடித்துவிட்டால், கடிபட்டது வீறிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை விட்டே போய்விடும். பால் குடிக்கும்போது அழுத்தினால் தாய் எழுந்து நகர்ந்துவிடும். இவ்வளவு அழுத்தினால் விளையாட்டு நின்றுவிடும், பாலும் நின்றுவிடும் என்ற கணக்கைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. தாயிடமிருந்து பிரித்து நாம் தூக்கி வரும்போது அந்தப் பாடம் பாதியில் அறுந்துபோகிறது. அறுந்த இடத்திலிருந்து அதைத் தொடர்வதுதான் நம் வேலை.

எங்கள் குட்டி முப்பத்தைந்து நாளிலேயே வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு கடிக்கிறதா?

பெரும்பாலும் ஆம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக 2017ஆம் ஆண்டில் வந்த மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. ஆனாலும் "சின்னதாக வாங்கினால்தான் நம்மோடு ஒட்டும்" என்ற பேச்சை நம்பிக் கண் திறந்து சில வாரமே ஆன குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி வந்த குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. பழக்க முடியாது என்று இல்லை. கூடுதலாக இரண்டு மூன்று வாரம் பொறுமை தேவைப்படும். தடுப்பூசி முறையாகப் போடப்பட்ட, சாதுவான பெரிய நாய் ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால், உங்கள் குட்டியை அதனோடு அவ்வப்போது விளையாட விடுங்கள். நாம் ஒரு வாரம் சொல்லிக்கொடுப்பதை அது ஒரே உறுமலில் புரியவைத்துவிடும்.

கடிக்கும் அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுபடும் எதையும் துரத்திப் பிடிப்பது நாயின் இயல்பு. இழுத்த கை அதற்கு ஓடும் அணில். பல் தோலில் பட்டிருக்கும்போது இழுத்தால் கீறலும் ஆழமாகும். கையைத் தளர்த்தி அசையாமல் வைத்திருங்கள். வாய் சற்றுத் தளர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டு, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதினைந்து இருபது விநாடி அதைப் பார்க்காமல், பேசாமல் நில்லுங்கள். பின்தொடர்ந்து வந்து காலைக் கடித்தால் அறையை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்திவிடுங்கள். அரை நிமிடம் போதும். பத்து நிமிடம் அடைத்து வைத்தால், எதற்காக அடைக்கப்பட்டோம் என்பது குட்டிக்கு மறந்துவிடும். மிஞ்சுவது தனிமையும் ஊளையும்தான். திரும்பி வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல விளையாட்டைத் தொடருங்கள்; இந்த முறை உங்கள் கைக்கும் அதன் வாய்க்கும் நடுவே ஒரு பொம்மை இருக்கட்டும்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதல் மூன்று வாரம் அழுத்திக் கடித்தால் மட்டும் விளையாட்டை நிறுத்துங்கள். மெதுவாக வாயில் வைத்துக்கொள்வதை விட்டுவிடுங்கள். அழுத்தம் குறையக் குறைய உங்கள் எல்லையையும் இறுக்கிக்கொண்டே வாருங்கள். நேற்று பொறுத்துக்கொண்ட கடிக்கு இன்று எழுந்து போய்விடுங்கள். ஐந்தாம் மாதத்துக்குள், பல் தோலில் பட்டாலே விளையாட்டு முடிந்தது என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும். கடியின் அழுத்தத்தை முதலிலும் கடியின் எண்ணிக்கையைப் பிறகும் குறைக்க வேண்டும் என்ற இந்த முறையை, நாய்ப் பயிற்சித் துறையில் புகழ்பெற்ற கால்நடை மருத்துவர் இயான் டன்பார் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தி வந்திருக்கிறார். காரணம் எளியது. வாயையே திறக்கக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே அடக்கப்பட்ட நாய், பின்னாளில் வாலை யாராவது மிதித்த வலியில் திரும்பிக் கடித்தால், எவ்வளவு அழுத்தலாம் என்ற அளவே அதற்குத் தெரிந்திருக்காது. அளவு தெரிந்த நாயோ அதே வலியிலும் பல்லை மேலோட்டமாகப் பதித்துவிட்டு விட்டுவிடும்.

கடித்தவுடன் "ஆ!" என்று கத்தச் சொல்கிறார்களே?

சில குட்டிகள் அந்தச் சத்தத்தில் திகைத்து நின்றுவிடும். சில குட்டிகளுக்கு அதுவே உற்சாகம். இரண்டு முறை செய்து பாருங்கள். துள்ளல் கூடினால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறோம். அதனால் பாதிப்பு உண்டா?

என் அனுபவத்தில் குட்டி திருந்தாத வீடுகளில் பத்துக்கு எட்டு இந்தக் காரணத்தால்தான் திருந்தவில்லை. அப்பா கையை வாய்க்குள் விட்டு முரட்டு விளையாட்டு விளையாடுவார், அம்மா அதே கடிக்குத் திட்டுவார், பாட்டி கடியை நிறுத்த முறுக்கை உடைத்துப் போடுவார். பாட்டியைக் கடித்தால் முறுக்கு வரும் என்பதைக் குட்டி மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடும். அதைக் குற்றம் சொல்ல வழியில்லை.

சொல்லிலும் இதே குழப்பம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேரன் "சிட்" என்கிறான், பாட்டி "குந்து" என்கிறார், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா "அசி" என்கிறார். மூன்று மொழி கேட்டு வளர்ந்த அந்தக் குட்டி எதற்கும் உட்காராது. புதுச்சேரியில் இது எல்லோரும் சிரித்துக்கொள்ளும் விஷயம்தான். ஆனால் பழக்குகிற காலத்தில் ஒரு செயலுக்கு ஒரே சொல் என்று முடிவு செய்து, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் "விடு", "குந்து", "வேண்டாம்" என்ற மூன்று சொற்களே இருந்தன. எந்த மொழி என்பது நாய்க்கு ஒரு பொருட்டில்லை.

புடவைத் தலைப்பையும் வேட்டி நுனியையும் பிடித்துத் தொங்குகிறது. நடக்கவே முடியவில்லை.

ஆடுகிற துணி, அதுவும் தரையை ஒட்டி ஆடுகிற துணி, குட்டிக்கு விளையாட்டுப் பொருளாகவே தெரியும். நீங்கள் இழுக்க இழுக்க அது கயிறு இழுக்கும் போட்டியாகிவிடும். பிடித்த உடனே நின்றுவிடுங்கள். துணி செத்துப்போனதுபோல இருக்கட்டும். இடுப்பிலோ பக்கத்து மாடத்திலோ ஒரு முடிச்சுத் துணியைத் தயாராக வைத்திருந்து, அதைத் தரையில் ஆட்டிக் காட்டினால் புடவையை விட்டுவிட்டு அதற்குத் தாவும். தாவியதும் "நல்ல பிள்ளை" என்று சொல்லிச் சற்று நேரம் அதனோடு விளையாடுங்கள். வீட்டுக்குள்ளும் மெல்லிய கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டித் தரையில் இழுபட விட்டால், கையால் தொடாமலே கயிற்றைப் பிடித்து விலக்க முடியும். ஆள் பார்வையில் இல்லாதபோது அந்தக் கயிறு வேண்டாம், எதிலாவது சிக்கிக்கொள்ளும். என் அம்மா அந்த நான்கு மாதமும் வீட்டில் சுடிதார்தான் அணிந்தார். அதுவும் ஒரு தீர்வுதான்.

மாலை ஆறு மணி ஆனால் பேய் பிடித்ததுபோல ஓடிக் கடிக்கிறது. விளையாட்டு போதவில்லையா?

பெரும்பாலும் போதாதது தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், அழைப்பு மணி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பிற்பகல் முழுவதும் யாராவது அதை எழுப்பிக்கொண்டே இருந்தால், மாலையில் தூக்கம் கெட்ட கைக்குழந்தை அழுவதுபோல அது கடிக்கும். அந்த நேரத்தில் இன்னும் ஓடவிட்டுக் களைக்கச் செய்யலாம் என்று நினைப்பது தவறு. வெறி ஏறவே செய்யும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் இரண்டு மணி நேரம் தூக்கம் என்று ஏறக்குறைய ஒரு முறை வைத்துக்கொண்டு, மின்விசிறிக் காற்று வரும் அமைதியான மூலையில் விரிப்புப் போட்டு விட்டுவிடுங்கள். கத்திரி வெயில் நாள்களில், கடற்காற்று வீசத் தொடங்கும்வரை நம் ஊர்ப் புழுக்கத்தில் குட்டி சரியாகத் தூங்குவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடித்துக்கொள்ள என்ன கொடுக்கலாம்?

பழைய பருத்தித் துண்டை நனைத்து, முறுக்கி முடிச்சுப் போட்டு, உறைபெட்டியில் வைத்து எடுத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈறுக்கு இதமாக இருக்கும். உள்ளே குழி உள்ள ரப்பர் பொம்மையில், உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்ச்சோற்றை அடைத்து உறையவைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். குளிரவைத்த முழு கேரட்டையும் கண்ணெதிரே கடிக்க விடலாம்.

கொடுக்கக் கூடாதவை: வேகவைத்த எலும்பு, ஏனெனில் அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், மாங்கொட்டை, ஏனெனில் விழுங்கினால் அடைத்துக்கொள்ளும், தேங்காய் ஓடு, ஏனெனில் பல் உடையும். பழைய செருப்பும் வேண்டாம். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத்தான் தெரியும். பயிற்சிக்குத் தின்பண்டம் கொடுக்கும்போது திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் கலந்த பண்டம் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பாயசத்திலிருந்து திராட்சையை எடுத்துப் போடும் பெரியவர்களுக்கும், சொல்லி வையுங்கள்.

மூக்கில் ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும் என்கிறார்களே?

அந்த நேரத்துக்கு நிற்கலாம். ஆனால் கை என்பது அடிக்க வருவது என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு தடவிக் கொடுக்க நீளும் கையையும், ஊசி போட நீளும் கால்நடை மருத்துவரின் கையையும் அது அதே கண்ணோடுதான் பார்க்கும். வாயை இறுக்கிப் பிடிப்பது, தொண்டைக்குள் விரலை விடுவது, மல்லாத்திப் போட்டு அமுக்கி "யார் தலைவன்" என்று காட்டுவது, வாயில் மிளகாய்த்தூள் தடவுவது ஆகிய எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அடிபட்ட குட்டிகளில் சில உறுமுவதை நிறுத்திவிடும். அதை அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றிவிட்டால் அடுத்து வருவது அறிவிப்பில்லாத கடி.

கடிக்காமல் பழக்கிவிட்டால் காவல் காக்குமா?

காக்கும். அந்நியர் வருவதைத் தெரிவிப்பதுதான் வீட்டு நாயின் காவல். அது மூக்காலும் காதாலும் குரலாலும் நடக்கிறது. சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம் ஆகிய நம் நாட்டு இனங்களோடு தெருவில் பிறந்த சாதாரண நாட்டுக் குட்டியும் ஏழெட்டு மாதத்தில் தானாகவே வாசலைக் காக்கத் தொடங்கிவிடும். பால்காரரையும் எரிவாயு உருளை கொண்டுவருபவரையும் கடிக்கிற நாயால் உங்களுக்கு மருத்துவச் செலவும் சண்டையும்தான் மிஞ்சும். பகல் முழுவதும் கட்டிப்போட்டால் நல்ல காவல் நாயாகும் என்பதும் பரவலான நம்பிக்கை. சங்கிலியில் கிடக்கும் குட்டி அவிழ்த்துவிட்ட அந்தச் சிறிது நேரத்தில் தேக்கி வைத்த துள்ளலையெல்லாம் கடியாகவே கொட்டும்.

இறைச்சி போட்டால் கடிக்கும் குணம் வருமா?

வராது.

வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

குழந்தையையும் குட்டியையும் பெரியவர் துணையின்றி ஒரே அறையில் விடாதீர்கள். இந்த விதிக்கு விலக்கே இல்லை. குழந்தை கிறீச்சிட்டு ஓடினால் குட்டி துரத்தும், துரத்தினால் கடிக்கும். ஆகவே குழந்தைக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள்: குட்டி மேலே பாய்ந்தால் "மரம்" ஆகிவிட வேண்டும். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, அசையாமல் நிற்க வேண்டும். அசையாத மரம் குட்டிக்குச் சலித்துவிடும். குட்டி இல்லாதபோது இதைப் பல முறை ஒத்திகை பார்த்தால்தான் குட்டி பாயும்போது நினைவுக்கு வரும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டியைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் பழக்க வேண்டும் என்ற யோசனையை ஏற்காதீர்கள். அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவர் ஒருவர் அருகே சென்று, அதைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மனிதர் அருகே வந்தால் சாப்பாடு கூடும் என்று தெரிந்த நாய் எதற்காக உறும வேண்டும்?

தடுப்பூசி முடியும்வரை வெளியே விடக் கூடாது என்கிறார்கள். ஆனால் வெளியே போகாவிட்டால் பயந்து கடிக்கும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் ஏறத்தாழ பதினாறு வாரம்வரை போட வேண்டியிருக்கிறது. குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் காலமோ மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்தோடு சுருங்கத் தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் பார்க்காத குடை, தலைக்கவசம், சக்கர நாற்காலி, தாடி வைத்தவர் எல்லாம் பிற்காலத்தில் அச்சத்தைத் தரலாம். அச்சத்தில் வரும் கடிதான் பழக்குவதற்குக் கடினமானது.

வழி என்னவென்றால், தரையில் விடாமல் தூக்கிச் செல்லுங்கள். மாலையில் வாகனங்களை நிறுத்திவிடும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் துண்டில் சுற்றிய குட்டியோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், பலூன்காரர், சைக்கிள், சுண்டல் விற்பவரின் குரல், அலைச் சத்தம் என்று ஒரு மாதப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. தெருநாய்கள் நடமாடும் மணலில் மட்டும் தடுப்பூசி முடியும்வரை இறக்கிவிடாதீர்கள். தூக்கிக் கொஞ்ச வருகிறவர்களிடம், கையை அதன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

சொந்தக் குட்டிதானே கடித்தது, எங்களுக்கு ஊசி தேவையா?

பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தால், இரத்தம் வராத கீறலாக இருந்தாலும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் குட்டிகளிடமிருந்தும் பரவும். உங்களிடம் வருவதற்கு முன் அதை எந்த நாய் கடித்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் இந்த நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறிக்கு முன் முறையாகச் சிகிச்சை பெற்றால் தடுத்துவிடலாம்.

முதல் வேலை, காயத்தை ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பலர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய் எதையும் வைக்காதீர்கள். பிறகு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றே செல்லுங்கள். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி முதல் நாளான 0, பின்னர் 3, 7, 28 ஆகிய நாள்களில் போடப்படும். தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேரும். இரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். குட்டியைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அது நலமாக இருப்பதைப் பார்த்து ஊசியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாமாக நிறுத்தக் கூடாது. நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குச் சிறு கடியும் சீழ் பிடிக்கக்கூடும் என்பதால் அவர்களைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள்.

எப்போது இதை விளையாட்டுக் கடி என்று விட்டுவிடக் கூடாது?

விளையாடும் குட்டியின் உடல் வளைந்து நெளியும், பின்பக்கம் தூக்கி நிற்கும், வாய் தளர்ந்திருக்கும். உடல் விறைத்து, பார்வை ஒரே இடத்தில் நிலைத்து, தாழ்ந்த குரலில் உறுமிக் கடித்தால் அது வேறு. குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொட்டால் மட்டும் கடித்தால் அங்கே வலி இருக்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் காதுப் புண் குட்டிகளுக்குச் சாதாரணமாக வருவதால் காதைத் திருப்பிப் பாருங்கள். உணவுக்கும் பொம்மைக்கும் உறுமுவது வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனாலும் காத்திருக்க வேண்டாம். புதுச்சேரியில் குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ உங்களுக்கு வழக்கமான கால்நடை மருத்துவரிடமோ காட்டுங்கள்.

எத்தனை நாளில் நிற்கும்?

எல்லோரும் ஒரேபோல நடந்துகொள்ளும் வீட்டில் மூன்று நான்கு வாரத்தில் அழுத்தம் குறைவது தெரியும். பல் மாறும் நான்காம், ஐந்தாம் மாதங்களில் மறுபடி கூடும். "போனது திரும்பிவிட்டதே" என்று மனம் தளர்ந்து அடிக்கத் தொடங்குவது அப்போதுதான். ஏழாம் மாதத்தையொட்டி அநேகமாக நின்றுவிடும்.

கூடத்தில் ஒரு சின்னப் பல் கிடந்தது. பயப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை, பால் பல் விழத் தொடங்கிவிட்டது. பெரும்பாலானவற்றைக் குட்டி சோற்றோடு விழுங்கிவிடும், அதனால் கேடில்லை. கடிக்கும் துணியில் சற்று இரத்தக் கறை தெரிந்தாலும் அது இயல்பே. ஏழு மாதம் ஆன பிறகும் பழைய கோரைப்பல் விழாமல் புதியதோடு ஒட்டி இரட்டைப் பல்லாக நின்றால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள்.